எஸ்கேப் ஆகாத ராமுத்தாய்

ராமுத்தாய்க்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களெல்லாம் பனியன் கம்பெனியில் தாமாக வந்து ஒட்டிக்கொண்டவை. பீஸ், செக்கிங், ரிஜெக்ட், ஷிப்ட் என்று துணியோடு துணியாக வந்தவை. ‘எஸ்கேப்’ என்ற ஒன்று மட்டும் அப்படி வரவில்லை. அருள்புரத்தில் அவள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில், வீட்டுக்கார அம்மா மயிலாத்தாளின் வாயிலிருந்து அது வந்தது.

அவள் கணவன் காசிமாயன் கோட்டயத்தில் கட்டட வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனவன். முதலில் போன் வந்தது. பிறகு இவள் அழைத்தால் எடுக்கவில்லை. பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் மலையாளத்தில் சொல்லத் தொடங்கியது. லைன் வீட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் எடுத்துவிட மோட்டார் போட வந்த மயிலாத்தாள் ஒருநாள் கேட்டாள்.

“உங்கூட்டுக்காரரு எஸ்கேப்புங்களா அம்மிணி?”

ராமுத்தாய் அதை ஏதோ ஊர்ப்பெயர் என்று எண்ணிக்கொண்டு, “இல்லங்கம்மா, கோட்டயம்” என்றாள்.

மயிலாத்தாள் சிரிக்கவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தான் கேட்டதன் பொருள் இன்னதென்று மெதுவாக எடுத்துச் சொன்னாள். ராமுத்தாய் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அவளுடைய கம்பெனி வாழ்க்கையில் காரணம் சொல்லாமல் போட்ட லீவு அது ஒன்றுதான். அப்போது மகள் சித்ராதேவி எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்தச் சொல் காதில் விழாத நாளே இல்லை. திருப்பூர்ப் பக்கம் அதற்கு அவ்வளவு வேலை இருந்தது. அட்வான்ஸ் வாங்கிய டெய்லர் திங்கட்கிழமை வராவிட்டால் எஸ்கேப். டீக்கு மணி அடிப்பதற்கு முன்பே நழுவிய பையன் எஸ்கேப். ஹோலிக்கு ஊருக்குப் போன வடக்கத்திப் பையன்கள் திரும்பாவிட்டால் மொத்தமாக எஸ்கேப். மழை பிடிக்கும் முன் வீடு சேர்ந்தவள், “அப்பாடா, எஸ்கேப்புங்க” என்பாள். பெரிய குற்றத்துக்கும் சின்ன அதிர்ஷ்டத்துக்கும் ஒரே சொல். ராமுத்தாய் மட்டும் அதைத் தன் வாயால் சொன்னதில்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால், கத்தரியை எடுத்துப் பிசிர் வெட்டுவதில் கவனமாகிவிடுவாள்.

அவள் வேலை பார்க்கும் கம்பெனி பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. நீளமான ஒரே கூடம். முன்வாசல் பக்கம் தையல் வரிசைகள், நடுவில் அயர்ன் டேபிள்கள், கடைசியில் செக்கிங் பெண்கள். செக்கிங்குக்குப் பின்னால் ஓர் இரும்புக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் சோளக்காடு. கதவின் குறுக்கே ஒரு கம்பி, கம்பியில் ஒரு பித்தளைப் பூட்டு. சாவி வாட்ச்மேன் ஆத்தப்பனிடம்.

பூட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தைத்து முடித்த டீசர்ட்டுகள் கட்டுக் கட்டாக அந்தக் கதவு வழியே மதில் தாண்டிப் போனது உண்மை. யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. ஆளைப் பிடிக்க முடியாத முதலாளி கதவைப் பிடித்தார்.

ஆடி மாதக் காற்றில் ஒருநாள் அயர்ன் டேபிளின் ஒயர் ஒன்று தீப்பிடித்து, பக்கத்தில் குவித்திருந்த வேஸ்ட் துணியில் விழுந்தது. டெய்லர்கள் தீயணைப்புச் சிலிண்டரை எடுத்து அடித்துத் தீயை அணைத்துவிட்டார்கள். ஆனால் புகை கூடத்தை மூடிவிட்டது. முன்வாசலுக்குப் போக வேண்டுமானால் புகைக்குள் நுழைய வேண்டும். செக்கிங் பெண்கள் எல்லோரும் பின்கதவுக்கு ஓடினார்கள். ஆத்தப்பன் முன்கேட்டில் லாரிக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார். சாவி அவர் இடுப்பில்.

பின்னால் வந்தவர்களுக்குக் கதவு இன்னும் திறக்கவில்லை என்பது புகையில் தெரியவில்லை, தள்ளினார்கள். முன்னால் நின்ற பழனாயியின் கை கம்பிக்கும் கதவுக்கும் நடுவில் சிக்கியது. அவள் ராமுத்தாயின் டேபிளில் எதிர்ப்பக்கம் உட்கார்பவள். காலை டீயைப் பங்கு போட்டுக் குடிப்பவள். எலும்பு முறிந்த சத்தம் அந்தக் கூச்சலிலும் ராமுத்தாய்க்குக் கேட்டது. புகை கலைந்தது. யாரும் சாகவில்லை, அதனாலேயே அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

மாவுக்கட்டுப் பிரித்தபின் பழனாயி வேலைக்கு வந்தாள். கை கொஞ்சம் வளைந்தே கூடியிருந்தது. பூட்டும் அதே இடத்தில் தொங்கியது. ராமுத்தாய் மேனேஜர் மோகன்ராஜிடம் போய்க் கேட்டாள்.

“பாக்கலாங்க்கா. மொதலாளிகிட்டப் பேசறேன்” என்றான் அவன். பேசினானோ இல்லையோ, பூட்டு தொங்கியது. அன்றிலிருந்து ராமுத்தாய்க்கு அதன் எதிரே உட்கார்ந்து வேலை செய்கையில் மூச்சு முட்டியது. அயர்ன் பக்கம் ஆவி எழும்பினால்கூடத் தலை தானாகக் கதவுப் பக்கம் திரும்பும்.

தொழிலாளர் பாதுகாப்பைச் சோதிக்கும் ஆடிட் புரட்டாசியில் வருகிறது என்று சொன்னார்கள். இந்த முறை வழக்கமாக வரும் ஆடிட்டர் மட்டும் இல்லையாம். சரக்கு எடுக்கும் பையரே வெளிநாட்டிலிருந்து நேரில் வருகிறாராம். லேபர் ஒருவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் நன்றாக இருக்கும் என்று மோகன்ராஜுக்குத் தோன்றியது. சேஃப்டி கமிட்டியில் பெயர் இருந்ததாலும், எதையும் மறக்காதவள் என்பதாலும் ராமுத்தாயைப் பிடித்தார்கள். சொல்லிக்கொடுக்க ஹெச்.ஆர். பெண் யாழினி வந்தாள்.

“ஒரே ஒரு சென்டென்ஸ்தாங்க்கா. இன் கேஸ் ஆஃப் ஃபயர், வீ எஸ்கேப் த்ரூ திஸ் டோர். நெருப்புப் புடிச்சா இந்தக் கதவு வழியாத் தப்பிச்சுப் போவோம்னு அர்த்தம். கையக் கதவுப் பக்கம் இப்படிக் காட்டோணும்.”

ராமுத்தாய் கத்தரியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “எந்தக் கதவு வழியாம்மா?”

யாழினி பூட்டைப் பார்த்தாள். பிறகு தன் போனைப் பார்த்தாள். “அன்னைக்குத் தெறந்திருக்குங்க்கா.”

வேறு ஒரு சொல் வைக்கக் கூடாதா என்று ராமுத்தாய் கேட்டுப் பார்த்தாள். “அதுதாங்க்கா நெம்ப ஈசி. அதத் தெரியாதவங்க திருப்பூருல யாரு?” என்றாள் யாழினி.

மதியச் சாப்பாட்டில் அது பெரிய விளையாட்டாகிவிட்டது. ராமுத்தாய் இங்கிலீஷ் படிக்கிறாள் என்றதும் ஆளுக்கொரு வாக்கியம் கட்டத் தொடங்கினார்கள்.

“ஓவர்டைம் பாக்கச் சொன்னா வயித்துவலின்னு எஸ்கேப் ஆவறது நம்ம சாமியாத்தா!”

“மாவாட்டற நேரத்துக்குக் கோயிலுக்கு எஸ்கேப் ஆவறது என்ற மாமியா!”

“ஆடிட் அன்னைக்கு மட்டும் பாத்ரூமுல சோப்பு இருக்கும். மறுநாளு சோப்பு எஸ்கேப்பு!”

பழனாயி வளைந்த கையால் ரசத்தை ஊற்றியபடி, “நம்ம ராமு கார்த்திகைக்கு எஸ்கேப்பு. மேனேஜரே லீவு குடுத்துட்டாரு. ஒரு மாசத்துக்கு ஆளப் புடிக்க முடியாது” என்றாள்.

அது உண்மைதான். சித்ராதேவியை ஆண்டிபட்டியில் கட்டிக் கொடுத்திருந்தது. கார்த்திகையில் அவளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். தாய்வீடு என்பது அருள்புரத்தில் ஒற்றை அறை. கக்கூஸ் எட்டுக் குடும்பத்துக்கும் பொது. அதனால் உசிலம்பட்டியில் தன் அண்ணன் வீட்டுக்கு மகளைக் கூட்டிப்போய் ஒரு மாதம் கூடவே இருப்பதாக ராமுத்தாய் ஏற்பாடு செய்திருந்தாள். மோகன்ராஜும் சரியென்று தலையாட்டியிருந்தான்.

“நான் எஸ்கேப்பெல்லாம் ஆகல. சொல்லிட்டுப் போறேன், சொன்னபடி வந்துருவேன்” என்றாள் ராமுத்தாய். குரலில் ஏறியிருந்த சூட்டைப் பழனாயி கவனித்தாள். பேச்சை மாற்றினாள்.

ஆடிட்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடலாமே என்று ராமுத்தாய் யோசிக்காமல் இல்லை. ஆனால் அவள் இதற்குமுன் வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் இருந்தாள். அங்கே பொன்னாத்தாள் என்ற டெய்லர், ஆடிட்டர் கேட்டதற்கெல்லாம் உள்ளபடி பதில் சொன்னாள். பையர் ஆர்டரை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். கம்பெனி அந்த யூனிட்டை மூடியது. வேலை போனவர்கள் முதலாளியைத் திட்டவில்லை, பொன்னாத்தாளைத் திட்டினார்கள். கடைக்குக்கூட அவளால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. ராமுத்தாயும் அன்று திட்டியவர்களில் ஒருத்தி. உண்மையைச் சொன்னால் கம்பெனி மூடும், சொல்லாவிட்டால் கதவு மூடும். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு அவள் அந்த ஒரு வாக்கியத்தைப் பாடம் செய்தாள்.

ஆடிட் நாள் என்றால் கம்பெனி விருந்தாளி வரும் வீடு போல ஆகிவிடும். பீரோவிலிருந்து முகக்கவசங்கள் வெளியே வந்தன. கட்டிங் மாஸ்டர் கையில் இரும்புக் கையுறை பளபளத்தது. முதலுதவிப் பெட்டியில் மருந்து இருந்தது. பின்கதவு வழியை அடைத்திருந்த அட்டைப்பெட்டிகள் காணாமல் போயிருந்தன. எப்போதும் மாலையில் கேட்டில் பெண்களின் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பையருக்கு அது பிடிக்காது என்பதால் அன்றைக்கு அந்த மேசையையே எடுத்துவிட்டார்கள்.

ஆத்தப்பன் பூட்டைக் கழற்றினார். வழக்கமாக அதைத் தன் அறை டிராயரில் போடுவார். ஆனால் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் போன மாதம் ஆடிட்டர்கள் வாட்ச்மேன் அறையில்தான் பூட்டுகளைக் கண்டுபிடித்தார்கள். மோகன்ராஜ் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். பொம்பளை ஆட்களின் சாப்பாட்டுப் பையை எந்த ஆடிட்டரும் திறக்க மாட்டான். நேரே ராமுத்தாயிடம் வந்தான்.

“அக்கா, இத உங்க டிபன் பையில போட்டு வைங்க. சாய்ந்தரம் வாங்கிக்கறேன்.”

பித்தளை கனமாக இருந்தது. அவள் சோற்றுத் தூக்குக்கு அடியில் அதை வைத்தாள்.

பையர் ஒரு வெள்ளைக்கார அம்மா. உயரமாக, வெயிலில் சிவந்த முகத்தோடு வந்தார். கூடவே பெங்களூரிலிருந்து வந்த, தமிழ் பேசும் ஓர் இளைஞன். பின்கதவு விரியத் திறந்திருந்தது. வேலை நேரத்தில் அந்த வழியே சோளக்காட்டுக் காற்று வந்ததே பெண்களுக்குப் புதுமையாக இருந்தது. ராமுத்தாய் எழுந்து நின்று, கையைக் காட்டி, ஒரு சொல்கூடத் தவறாமல் சொன்னாள். “இன் கேஸ் ஆஃப் ஃபயர், வீ எஸ்கேப் த்ரூ திஸ் டோர்.”

அந்த அம்மா மகிழ்ந்து சிரித்தார். மோகன்ராஜின் தோள் இறங்கியது. அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. அந்த அம்மா கதவருகே போய்க் குறுக்குக் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். இளைஞன் ராமுத்தாயிடம் திரும்பினான்.

“வேலை நேரத்துல இந்தக் கதவு எப்பவும் திறந்தேதான் இருக்குமான்னு கேக்கறாங்க.”

இதற்கு யாழினி வாக்கியம் சொல்லிக்கொடுக்கவில்லை. கூடத்தில் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. செக்கிங் பெண்கள் மட்டும் கத்தரியை நிறுத்தியிருந்தார்கள். எதிரே பழனாயி முகக்கவசத்துக்கு மேலே கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோகன்ராஜ் கழுத்து அட்டையின் நாடாவை விரலில் சுற்றினான்.

“இனிமே இருக்கும்” என்றாள் ராமுத்தாய்.

இளைஞன் மோகன்ராஜைப் பார்த்தான். பிறகு அந்த அம்மாவிடம், “யெஸ், ஆல்வேஸ்” என்றான். ஆல்வேஸ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் தன்னுடைய ‘இனிமே’ அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் அந்த அம்மா தலையாட்டிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது.

விருந்தாளிகளை விமான நிலையத்தில் விட மோகன்ராஜே காரில் போனான். போகும் அவசரத்தில் பூட்டை மறந்தான். மாலை கேட்டில் பை பார்க்கும் மேசை இல்லை. ஆத்தப்பன், “இங்கிலீசுக்காரம்மா, போயிட்டு வாங்க!” என்று கும்பிட்டு வழிவிட்டார். பித்தளைப் பூட்டு அவள் பையிலேயே உட்கார்ந்து அவர் எதிரே கேட்டைத் தாண்டிப் போயிற்று. வேண்டுமென்று எடுத்துப் போனாளா, யோசித்துக்கொண்டே வந்ததில் கேட்டைத் தாண்டிவிட்டாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வீட்டுக்கு வந்து அதை அரிசி டப்பாவுக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை மோகன்ராஜ் டேபிளுக்கு வந்தான். பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

“அக்கா, அந்தப் பூட்டு?”

வழியெல்லாம் ஒரு பதில் யோசித்து வந்திருந்தாள். அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை. இத்தனை வருடமாக நாக்கில் ஏற்றாத சொல் வந்தது.

“பூட்டு எஸ்கேப் ஆயிருச்சு சார்.”

டேபிள் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பழனாயிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. மோகன்ராஜுக்கும் உதடு ஒரு பக்கம் போனது, இழுத்துக்கொண்டான். “வெளையாடாதீங்க்கா.”

“நெசமாத்தான் சார். அதுவே கேட்டத் தாண்டிப் போயிருச்சு.”

“பூட்டுக்குக் காலு மொளச்சிருச்சாட்டங்க” என்றார் அந்தப் பக்கம் வந்த ஆத்தப்பன். எல்லோரும் இன்னொரு தடவை சிரித்தார்கள். மோகன்ராஜ் ஆத்தப்பனைக் கூட்டிக்கொண்டு போனான். டீக்கு மணி அடிப்பதற்குள் அதே கம்பியில் புதுப் பூட்டு தொங்கியது. ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை.

சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. யாரும் ராமுத்தாயைப் பார்க்கவில்லை. பழனாயி மட்டும் மெதுவாக, “உடு ராமு. கடையில பூட்டுக்கா பஞ்சம்” என்றாள்.

ராமுத்தாய் டீயை அப்படியே வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள். மேசைமேல் ஒரு கம்பி வளையத்தில் இரண்டு புதுச் சாவிகள் கிடந்தன.

“நேத்து அந்தம்மாகிட்ட இனிமே தெறந்திருக்கும்னு சொன்னேன் சார். நீங்க பக்கத்துலதான நின்னீங்க.”

“அது ஆடிட்டுக்குச் சொன்னதுங்க்கா.”

“நான் ஆடிட்டுக்குச் சொல்லல சார்.”

மோகன்ராஜ் நெற்றியைத் தேய்த்தான். அவனும் கெட்டவன் இல்லை. மதில் தாண்டிப் போன ஒவ்வொரு கட்டுக்கும் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன்தான். “கதவத் தெறந்து போட்டா நாளைக்குச் சரக்குப் போகுதுங்க்கா. நான் யாருக்கு என்னன்னு பதில் சொல்றது?”

“அப்ப சாவிய எங்கிட்டக் குடுங்க. வேலை நேரத்துல தெறந்து வைக்கிறேன். எல்லாரும் போனதும் பூட்டுறேன். நான் கதவுக்கு எதிர்லதான உக்காந்திருக்கேன், என்னத் தாண்டி எது போகும்?”

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்தான்.

“சரிங்க. ஆனா மொத ஆளா நீங்க வரோணும், கடைசி ஆளா நீங்க போகோணும். ஒரு பீஸ் போனாலும் உங்களத்தான் கேப்பேன். அப்பறம்…” அவன் நிறுத்தினான். “சாவி வெச்சிருக்கறவங்க லீவு போட முடியாதுங்க்கா. கார்த்திகைக்கு ஒரு மாசம் கேட்டிருந்தீங்கல்ல?”

“அந்த ஒரு மாசம் மட்டும் பழனாயி வச்சிருக்கட்டுமே சார்.”

“ஆளு மாறினா சாவி ஆத்தப்பங்கிட்டப் போயிரும். மொதலாளிகிட்ட உங்க ஒரு ஆளு பேரச் சொல்லித்தான் நான் கேக்க முடியும். உங்களத்தான் அவருக்குத் தெரியும். நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க. அவசரம் ஒண்ணும் இல்லீங்க.”

அவள் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று அவன் நினைத்தது அந்த நிதானத்திலேயே தெரிந்தது. ராமுத்தாய் கண்ணாடி வழியே கூடத்தைப் பார்த்தாள். அயர்ன் டேபிளிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. செக்கிங் பெண்கள் டீ முடிந்து உட்கார்ந்துவிட்டார்கள். பழனாயி இடது கையால் கத்தரி பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

கையை நீட்டினாள். அவன் வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கொடுக்க நேரம் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் பழைய பூட்டைக் கொண்டுவந்து அவன் மேசையில் வைத்தாள். “களவாணிப் பேரு எனக்கு வேணாம் சார்.”

புதுச் சாவியை மஞ்சள் கயிற்றில், ஊக்குகளோடு ஊக்காகக் கோத்துக்கொண்டாள். காசிமாயன் கட்டிய கயிறு அது. அவன் போனபின்பும் அவிழ்க்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து கம்பெனிக்கு முதலில் வருபவள் அவள். பூட்டைத் திறந்து தன் டேபிளின்மேல் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவாள். ஷிப்ட் முடிந்து கடைசி ஆள் போனதும் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுப் போவாள். காய்ச்சலானாலும் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அரை ஷிப்ட் வைத்தாலும் வந்தாள். தீபாவளிக்குக் கம்பெனி மூடியது; அப்போது உசிலம்பட்டிக்குப் போய் இரண்டு நாளில் திரும்பிவிட்டாள். ஏற்றுமதி அவசரம் என்று மற்றக் கம்பெனிகளுக்கு முன்பாகவே திறந்துவிட்டார்கள். மதில் தாண்டி ஒரு பீஸும் போகவில்லை.

அம்மா உசிலம்பட்டியில் வந்து இருக்க முடியாது என்றானதால் சித்ராதேவி ஆண்டிபட்டியிலிருந்து அருள்புரமே வந்தாள். ஒற்றை அறையில் அவளுக்காகக் கட்டில் ஒன்றை மயிலாத்தாள் கொடுத்தனுப்பினாள். வலி கண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மயிலாத்தாள்தான் ஆட்டோ வைத்துப் பல்லடம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். போன் வந்தபோது ராமுத்தாய் டேபிளில் இருந்தாள். எதிரே திறந்த கதவு. அதற்கப்பால் சோளத்தட்டு அசைந்துகொண்டிருந்தது. அந்த வழியாகவே எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

“போ ராமு. நான் பாத்துக்கறேன்” என்றாள் பழனாயி.

ராமுத்தாய் மேனேஜர் அறைப் பக்கம் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மோகன்ராஜ் போனில் பேசிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அடுத்த பீஸை எடுத்து விரித்தாள்.

பெண் குழந்தை. மாலையில் எல்லோரும் போனபின் கதவைப் பூட்டிவிட்டு, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சித்ராதேவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். ராமுத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையைத் தூக்க முன்னால் குனிந்தாள். சாவி தொங்கி வந்து துணியில் இடித்தது. அதை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு குழந்தையை எடுத்தாள்.

“இன்னைக்கு ஒரு நாளாச்சும் எப்படியாச்சும் எஸ்கேப் ஆயி வந்திருக்கலாம்லம்மா” என்றாள் மகள், திரும்பாமலே.

ராமுத்தாய் குழந்தையின் நெற்றியைத் துடைத்தாள்.

“நான் வந்துட்டா அங்கன கதவப் பூட்டிருவாய்ங்கடி” என்றாள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் போக வேண்டும் என்று நினைத்தபடி, அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள்.